கீழ்வரிசை சாக்லேட்

கொடைக்கானல்
2 டிசம்பர் 2024

சப்ரின் மேடம் அவர்களுக்கு,

மேடம் என்று போட்டது உன்னைக் கடுப்பேற்றத்தான். ஏழாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸைத் திறந்து ஆம்லெட்டை மட்டும் தின்றுவிட்டு மூடி வைத்தவளை வேறு எப்போது மேடம் என்று கூப்பிடுவது?

சனிக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது. "நீ பாக்க ஆசைப்பட்டதப் பாத்திருக்க, ஆக்ஸிலியா." அதனால்தான் போனை வைத்தேன். பிறகு நீ கூப்பிட்டதற்கும் எடுக்கவில்லை. போனில் சண்டை போட்டால் நீதான் ஜெயிப்பாய். வாட்சப்பில் எழுதினால் நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்தே என் பொழுது போய்விடும். அதனால் மாதிரிக் குப்பிகள் வைக்கிற பிஸ்கட் டின்னுக்குள்ளேயே இந்தத் தாளையும் வைத்து முதல் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். நீயும் காலி டின்னைத் திருப்பி அனுப்பும்போது தாளாகவே பதில் போடு.

நான் என்ன பார்த்தேன் என்று முழுதாகச் சொல்ல அன்றைக்கு நீ விடவில்லை. போன வாரம் என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்களுக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன், பொறுமையாகப் படி. என் பாலிமர் துகள், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கிற உருண்டை. ஒளிரும் சாயத்தில் கொஞ்ச நேரம் முக்கிக் கழுவினால் சாய மூலக்கூறுகள் அதன் தோலில் மட்டும் ஏறும். நீல ஒளி பட்டால் சாயம் இருக்கிற இடம் பச்சையாக ஒளிரும், இல்லாத இடம் இருட்டு. எங்கள் காலேஜ் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது பச்சை வளையம், நடுவில் இருட்டு. மறுநாளும் வளையம்தான். ஒரு வாரம் கழித்தும் வளையம்தான். இந்தக் குளிரில் பாலிமர் கல்லாக இறுகிக் கிடக்கிறது, மூலக்கூறு வாசலிலேயே நிற்கிறது. நாற்பது டிகிரியைத் தாண்டி இளகினால்தான் அதற்கு உள்ளே நடக்க வழி கிடைக்கும். குளிரில் மருந்தைப் பிடித்து வைத்து, சூட்டில் நகர விடுகிற துகள் செய்யலாம் என்று நான் எழுதியிருக்கிற கடைசி அத்தியாயமே இந்த வளையத்தை நம்பித்தான் நிற்கிறது.

நான் அனுப்பிய துகள் உன் மதுரை லேபில் முழுப் பச்சைப் பந்தாகத் தெரிகிறது என்றால், கோளாறு எங்கே என்று பார்க்கலாமே. நேரே என் கண்ணைக் குறை சொல்வதா?

புதிதாக மூன்று குப்பிகள் வைத்திருக்கிறேன். கண்டக்டர் செல்வமுருகனிடம் "கண்ணாடிச் சாமான், பத்திரம்" என்று வழக்கம்போல் சொல்லியாயிற்று. ஸைமாவுக்கு ஹோம்மேட் சாக்லேட் இரண்டு வரிசை அடுக்கியிருக்கிறேன். கோபம் உன் மேல்தான், உன் மகள் மேல் இல்லை.

ஆக்ஸிலியா


மதுரை
5 டிசம்பர் 2024

ஆக்ஸிலியா,

டின் வந்தது. குப்பி எதுவும் உடையவில்லை.

மூன்றையும் பார்த்தேன். எங்கள் மைக்ராஸ்கோப் துகளை வெள்ளரிக்காய் மாதிரி குறுக்கே சீவிக் காட்டும், உனக்கே தெரியும். மேல் சீவல், நடுச் சீவல், அடிச் சீவல் எல்லாம் பச்சை. நடுவில் இருட்டே இல்லை. நம்பாமல் மறுபடி ஒரு முறை வைத்துப் பார்த்தேன். அதேதான்.

உன் மைக்ராஸ்கோப் நாம் படித்த காலத்திலேயே கிழடு. அந்த மாதிரி லென்ஸில் உருண்டையின் ஓரம் தானாகவே மினுங்கும். வளையம் வேண்டும் என்று நினைத்துக் குனிகிறவளுக்கு வளையம் கிடைக்கும். இது உன்னைக் குறை சொல்ல இல்லை. எனக்கும் நடந்திருக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். உன் துகள்கள் அத்தனை அழகு. பல ஊர்களிலிருந்து இங்கே மாதிரிகள் வருகின்றன. பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். உன்னுடையது திரை முழுக்க ஒரே அளவு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "செஞ்சா இப்படிச் செய்யணும்" என்று காட்டினேன். ஹீட்டர்கூட ஒழுங்காக வேலை செய்யாத அந்த அறையில் இதை எப்படிச் செய்கிறாய் என்று எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

ஆனால் துகள் அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லாத வளையத்தை இருக்கிறது என்று எழுத முடியாது. முருகானந்தம் சார் என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார். உனக்கு அவர் வழிகாட்டி, எனக்கு மேலதிகாரி. பார்த்ததைத்தான் எழுதுவேன்.

சப்ரின்


கொடைக்கானல்
9 டிசம்பர் 2024

சப்ரின்,

பாராட்டிவிட்டுக் கழுத்தை அறுக்க உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். உன் கடிதத்தின் நான்காவது பத்தியைப் படித்துக் கண்கலங்கினேன், ஐந்தாவதைப் படித்துத் தாளைக் கசக்கினேன். பிறகு நீவி எடுத்து மறுபடி நான்காவதைப் படித்தேன். என் துகளை அழகு என்று சொன்ன முதல் ஆள் நீதான். இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்கள், "டீச்சர், அந்தப் பால் மாதிரி தண்ணிய வச்சிக்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க?" என்கிறார்கள்.

லென்ஸ் கோளாறு என்கிறாய். ஒரு குப்பியை வெந்நீர் பிளாஸ்கில் இறக்கி வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வளையம் போய்விட்டது, முழுப் பந்து! அதே லென்ஸ், அதே கண். லென்ஸால் வருகிற வளையமாக இருந்தால் வெந்நீரில் முக்கியதிலும் வந்திருக்க வேண்டாமா? சொல்லு.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். ஜனவரி கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் காலேஜில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஜூனில் வேறு ஆள். விடியுமுன்னே எழுந்து பேத்துப்பாறை வீட்டிலிருந்து ஓடி வந்து, காலையில் வகுப்பு, மத்தியானம் பரீட்சைத் தாள், சாயங்காலம் துகள் என்று இத்தனை வருஷம் ஓடியிருக்கிறேன். பரிதாபப்பட்டு எழுது என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை பார், அவ்வளவுதான். அறிக்கையை அதுவரை கையில் வைத்திரு.

முன்பெல்லாம் சாயம் ஏற்றாத துகள்களை அளவு பார்க்க அனுப்பினேன், நம் இருவருக்கும் ஒரு தகராறும் வரவில்லை. சாயம் ஏற்றியதும் சண்டை வந்துவிட்டது. இந்தப் பெட்டியிலும் சாக்லேட் இருக்கிறது.

ஆக்ஸிலியா


மதுரை
13 டிசம்பர் 2024

ஆக்ஸிலியா,

பார்த்தேன். முழுப் பந்து.

வெந்நீர்ச் சோதனை நல்ல சோதனை. லென்ஸ் பற்றி நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறொன்றைக் காட்டுகிறது. சூடு செய்த குப்பியையும் செய்யாத குப்பியையும் மாற்றி வைத்து அனுப்பியிருப்பாய். தூக்கமில்லாமல் வேலை பார்க்கிற யாருக்கும் இது நடக்கும். எனக்கு வந்து சேர்கிற துகள் ஒவ்வொன்றும் சூடு பட்ட துகளாகவே இருக்கிறது, வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

அறிக்கையை நேற்றுக் கொடுத்துவிட்டேன். "வளையம் உறுதியாகவில்லை" என்று ஒரே வரி. சார் காத்திருக்கவில்லை, நானும் காத்திருக்கச் சொல்லவில்லை. அதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

சாக்லேட் இனி அனுப்பாதே. இரண்டு தடவையும் மேல்வரிசைதான் தேறியது. கீழ்வரிசை உருகித் தாளோடு ஒட்டிப்போனது. ஸைமா தாளை நக்கிக்கொண்டு திரிகிறாள். மதுரை வெயிலுக்கு அதெல்லாம் தாங்காது.

சப்ரின்


கொடைக்கானல்
16 டிசம்பர் 2024

சப்ரின்,

சார் கூப்பிட்டார். கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். அதை எடுத்தால் மீதி இருப்பது துகள் செய்கிற சமையல் குறிப்புதான், அதற்கு யாரும் பட்டம் தரமாட்டார்கள். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

குப்பியை மாற்றி வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். சூடு செய்தது ஒரே ஒரு குப்பி. அது இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. உன்னிடம் வந்தவை எதுவும் வெந்நீர்ப் பக்கமே போகவில்லை. என்னை ஏமாந்தவள் என்று சொல்லியிருந்தால்கூட பொறுத்திருப்பேன். கவனமில்லாதவள் என்று சொன்னதுதான் வலிக்கிறது.

அழுது முடித்த பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். சாக்லேட் பத்தியில் கண் நின்றுவிட்டது. மதுரை வெயில் மேலேயிருந்துதானே அடிக்கும்? மேல்வரிசை முழுசாக இருக்கும்போது கீழ்வரிசை எப்படி உருகியது? அதுவும் டிசம்பர் மாதத்துக் காலையில்?

குப்பிகள் டின்னின் அடியில்தான் இருந்தன.

ஆக்ஸிலியா


கொடைக்கானல்
3 ஜனவரி 2025

சப்ரின்,

கிறிஸ்துமஸ் போய்விட்டது, புத்தாண்டும் போய்விட்டது. காலி டின் மட்டும் வந்தது, உள்ளே தாள் இல்லை. உன் அத்தா யாகூப் மாமாவின் கடைக்குத் தைலம் வாங்கப் போனேன். மாமா, "ரெண்டு பேருக்கும் என்னம்மா சோலி, ஒருத்தரையொருத்தர் பாக்காம?" என்று கேட்டார். சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான்கு குப்பிகள் அனுப்புகிறேன். இதுதான் கடைசி. இதற்கு மேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

ஆக்ஸிலியா


மதுரை
7 ஜனவரி 2025

ஆக்ஸி,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி.

உன் சாக்லேட் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் எழுதவில்லை. பதில் தெரியாதபோது வாயை மூடிக்கொள்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை உன் கடைசிக் கடிதம் டின் இல்லாமல் வெறும் உறையாக வந்தது. அன்றைக்கே அத்தாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லேப் தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. கொடையில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தா கடைக்குள்ளேயே ஒளிந்திருந்தேன். திங்கட்கிழமை விடியுமுன்னே கிளம்பியதைப் பார்த்து அத்தா, "வெள்ளனே எங்கம்மா ஓடுற? ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்று பின்னாலேயே வந்தார்.

முதல் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீ வந்தாய். மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாய். பனி பிடித்த ஜன்னலைத் துடைத்து உன்னைப் பார்த்தேன். உனக்கு என்னைத் தெரியவில்லை. நீ செல்வமுருகனிடம் டின்னைக் கொடுத்து, "கண்ணாடிச் சாமான் தம்பி, பத்திரம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பஸ் கிளம்பித் திரும்புகிறவரை அங்கேயே நின்றாய். கூப்பிட வாயெடுத்தேன் ஆக்ஸி. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

செல்வமுருகன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தான். டிரைவர் பக்கத்தில் இருக்கிற இன்ஜின் மூடி மேல் அதை விரித்து, உன் டின்னை அதன் நடுவில் வைத்தான். சாமி சிலையைப் பீடத்தில் வைக்கிறவன் மாதிரி வைத்தான்.

"தம்பி, ஏன் அங்க வைக்கிறீங்க?" என்றேன்.

"டீச்சர் குடுத்ததுதான்க்கா, கண்ணாடி. மேல கம்பியில வச்சா கொண்டை ஊசியில உருண்டு விழுந்துரும். சீட்டுக்கடியில பூண்டியிலருந்து வந்த பூண்டு மூட்டை கெடக்கு, எவனாவது நசுக்கிப்புடுவான். இங்கன வச்சா எங்க ரெண்டு பேரு கண்ணு முன்னாடியே கெடக்கும். இந்த எடத்துல வேற யாரு பார்சலையும் வைக்க விடமாட்டேன்."

டின்னுக்குப் பக்கத்தில், அந்தத் துண்டின் மேலேயே தெர்மாமீட்டரை வைத்தேன். பெருமாள்மலை தாண்டுவதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது. வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தியபோது ஐம்பத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சூடு பட்ட துகள்" என்று நான் எழுதினேனே, அது சரி. யார் சூடு வைத்தது என்பதில்தான் தப்புச் செய்தேன்.

ஒரு காரியம் உன்னைக் கேட்காமல் செய்தேன், திட்டாதே. பஸ் கிளம்பியதுமே செல்வமுருகனிடம் நான் யார் என்று சொல்லி, டின்னைத் திறந்து இரண்டு குப்பிகளை எடுத்துக்கொண்டேன். அவன் என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அந்த இரண்டையும் ஜன்னல் ஓரம் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். குளிரில் விரல் மரத்துவிட்டது. மற்ற இரண்டும் இன்ஜின் மேலேயே வந்தன.

ஆரப்பாளையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் லேபுக்குப் போனேன். இன்ஜின் மேல் வந்தது முழுப் பந்து. என் கையில் வந்தது வளையம். ஆக்ஸி, வளையம்! வளையல் மாதிரி மெலிசாக, நடுவில் கும்மிருட்டு, திரை முழுக்க நூறு நூறாக. உன் கிழட்டு மைக்ராஸ்கோப்பில் நீ பார்த்ததை என் கோடி ரூபாய் மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன். லேசரால் ஒரு வளையத்தில் ஒரு புள்ளியை மட்டும் வெளுக்க வைத்தேன். பக்கத்துச் சாய மூலக்கூறுகள் நகர முடிந்தால் அந்தப் புள்ளி மறுபடி பச்சையாக வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தேன், ஒன்றுகூட நகரவில்லை. கல்தான், நீ சொன்ன மாதிரியே.

பிறகு மெல்லச் சூடு ஏற்றினேன். நாற்பதைத் தாண்டியதும் முதலில் வெளுத்த புள்ளி நிரம்பியது. அப்புறம் வளையத்தின் உள் ஓரம் மங்கியது. பச்சை உள்ளே கசிய ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக, நடுவைப் பார்த்து நடந்தது. இத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக ஒரு மூலக்கூறு நடந்து நான் பார்த்ததில்லை. உன் துகள்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பின. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து திரையைச் சுற்றி நின்றார்கள்.

சாரிடம் போய் என் அறிக்கையைத் திரும்பக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். "நான் பார்த்தது சரி, எழுதுனது தப்பு சார்" என்றேன். படங்களைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "குளிர்ல நிக்குது, சூட்டுல நடக்குது. ரெண்டும் இருக்கே! அத்தியாயத்த எடுக்கச் சொன்னது யாரு?" என்றார். சொன்னது அவரேதான் என்று நினைவுபடுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தியாயம் இருக்கிறது. ஆய்வேட்டை இந்த மாதமே கொடுக்கச் சொல்கிறார். புது அறிக்கையின் நகல் டின்னில் இருக்கிறது, ஒரு வரி இல்லை, மூன்று பக்கம்.

உன்னைக் கவனமில்லாதவள் என்று எழுதினேன். உன்னைவிடக் கவனமான ஆளை எனக்குத் தெரியாது. உருகிப்போன சாக்லேட்டை நான் துடைத்துப் போட்டேன். நீ அதைப் பார்க்காமலேயே டின்னின் அடி வரைக்கும் போய்விட்டாய். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உன் சப்ரின்


கொடைக்கானல்
9 ஜனவரி 2025

சப்ரின் கண்ணு,

வகுப்பு நடுவில் பியூன் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் முன்னாலேயே திறந்தேன். அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அறிக்கையையும் படங்களையும் பலகையில் ஒட்டிவிட்டேன். நீ கையில் பிடித்துக்கொண்டு வந்த துகளின் வளையத்தைப் பார்த்து ஒருத்தி, "மிஸ், கிரகணம் மாதிரி இருக்கு" என்றாள். மரத்துப்போன விரலோடு மலை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளிடம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

செல்வமுருகனிடமும் சொன்னேன். முகம் செத்துவிட்டது பாவம். "எம்மேல தப்பா டீச்சர்? நல்லாத்தான பாத்துக்கிட்டேன்" என்றான். உன்னால்தான் தம்பி சூட்டுச் சோதனையே நடந்தது, நன்றி சொல்கிற பக்கத்தில் உன் பெயரைப் போடப்போகிறேன் என்றேன். "பஸ்ஸு நம்பரையும் போடுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டான்.

தப்பு என்னுடையதும்தான். உடையக் கூடாது என்று மட்டுமே சொன்னேன், சூடு படக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. இந்தக் குளிரில் இருக்கிறவளுக்குச் சூடு ஒரு ஆபத்து என்று தோன்றவேயில்லை.

உன் கடிதத்தில் ஒரே ஒரு பிழை இருக்கிறது. எனக்கு உன்னைத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பனி பிடித்த கண்ணாடியைத் துடைத்தாயே, அப்போதே பார்த்துவிட்டேன். அந்த மூக்கை ஏழாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். இன்ஜின் மேல் சந்தேகம் எனக்கும் வந்திருந்தது. ஆனால் நானே போய்ப் பார்த்துச் சொன்னால் நீ நம்பமாட்டாய், நீயே பார்க்க வேண்டும். அதனால் செல்வமுருகனிடம் வழக்கமாகச் சொல்கிறதை மட்டும் சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கூப்பிட்டிருந்தால் நீ இறங்கி ஓடி வந்திருப்பாய். இரண்டு பேரும் டீக்கடையில் நின்று அழுது தீர்த்திருப்போம், டின் எங்கே உட்காருகிறது என்று பார்க்க ஆள் இருந்திருக்காது. அதனால்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு பஸ் திரும்புகிறவரை நின்றேன்.

உன் ஆக்ஸி